சுவரில் தாஸின் இடம்

என் அப்பாவைச் சுவரிலிருந்து இறக்குங்கள் என்று பிரிசில்லா கேட்டது ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், சமோசாத் தட்டு ஆர்க்கிடெக்ட் ஸ்ரீஹர்ஷாவைத் தாண்டி மனிதவளப் பிரிவு லீனாவிடம் போய்க்கொண்டிருந்தபோது. அந்த நிறுவனத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, அம்மா ஆரோக்கியமேரி அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டு, "சம்பளம் ஏத்திக் கேளு, லீவு கேளு, சேர் ஆடுதுன்னு கேளு. உங்கப்பாவ இறக்கச் சொல்லி மட்டும் வாயத் தொறக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. கூட்டம் நடந்தபோது அப்பா தாஸ் சுவரில் வேர்விட்டு மூன்றாவது மழைக்காலம். கட்டடத்தின் தெற்குப் பக்கம், நாலாவது மாடி உயரத்தில், இரண்டு பெரணிச் செடிகளுக்கு நடுவில், தோளிலும் தொடையிலும் இலை விட்டுச் செழிப்பாக இருந்தார்.

பெங்களூர் விவேக் நகர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தை இலைக் கட்டடம் என்பார்கள். அது நிற்கிற இடத்தில் முன்பு தகர வீடுகளும் துணி காயப்போடும் மைதானமும் இருந்தன. அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே, ஆனேக்கலுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் இப்போது இரண்டு பஸ் மாறி இதே கட்டடத்தைப் பெருக்க வருகிறார்கள். கட்டடம் உண்மையிலேயே நல்ல கட்டடம், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. மண் கல்லில் கட்டியது, ஏசி கிடையாது, பெய்கிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் தொட்டிக்குப் போய்ச் சுவரில் ஏறுகிறது. நாலு பக்கமும் சுவர் முழுக்கச் செடி. கீழே பொதுமக்களுக்கென்று ஒரு பூங்கா. பூங்காவுக்குச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. பெஞ்சுகள் பழைய ரயில் கட்டையில் செய்தவை, யாரும் படுத்துவிடாதபடி நடுவில் ஒரு கம்பி வைத்தவை. திறப்பு விழாவில் இந்த நகரம் இனி மூச்சுவிடும் என்று பேசினார்கள். யார் மூச்சில் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தாஸ் கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தார், அவருடைய வேலையிடம் வாரிசு என்று பதினெட்டு வயதில் தாஸுக்குக் கிடைத்தது. சுரங்கம் மூடும்வரை இறங்கி ஏறியதில் நுரையீரலில் கல்தூள் படிந்துபோயிற்று. பெங்களூருக்கு வந்து வாட்ச்மேனாக, பெயிண்டராக, கடைசியில் இலைக் கட்டடத்தின் சுவர்த் தோட்டக்காரராக ஆனார். இராத்திரி அவர் இருமினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு ஜூலை மாதக் காலையில் கயிற்றுத் தொட்டிலில் நின்றபடி, மணிபிளாண்ட் நடுவதற்காகச் சுவரில் இருந்த ஈரக் கம்பளிப் பைக்குள் கையை விட்டார். கை திரும்பி வரவில்லை. அதே நேரத்தில் இருமல் நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக உள்ளே போய் ஒழுங்காக வெளியே வந்ததால் அவர் கையை இழுத்துப் பார்க்கவும் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் முட்டியும் உள்ளே போய்விட்டது.

கட்டடத்தின் ஆர்க்கிடெக்ட் ஸ்ரீஹர்ஷா ஓடிவந்து, கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "தாஸ், இறங்கறீங்களா?" என்று கேட்டார். தாஸ், "இனிமே நான் இறங்க மாட்டேன் சார். இறங்குனது போதும்" என்றார். யாரோ அதைப் போனில் எடுத்தார்கள். தங்கவயலில் இறங்குவது என்றால் சுரங்கத்துக்குள் போவது, ஏறுவது என்றால் வீட்டுக்கு வருவது. சுரங்கம் மூடிய மாதம் தாஸ் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, பிச்சை எடுத்தாலும் இனி இறங்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டவர். அதைத்தான் சொன்னார். நிறுவனம் அந்த வீடியோவைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. ஆள் சொந்த விருப்பத்தில் சுவரில் இருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாம் வேலையோடு வேலையாக நடந்தது. டாக்டர் வந்து தொட்டிலில் ஏறி ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காற்றில் இலை அசைகிற சத்தம் மட்டும் கேட்கிறது என்றார். காற்றை அளக்கிற கருவி, தாஸ் இருக்கும் இடத்தில்தான் சுவரிலேயே நல்ல காற்று வருகிறது என்று காட்டியது. பசுமைச் சான்றிதழ் கொடுக்க வந்தவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். உள்ளூர்த் தாவரத்துக்கு மதிப்பெண் அதிகம், இவர் உள்ளூரா? தமிழ் பேசுகிறாரே என்று ஒருவர் இழுத்தார். கோலார் கர்நாடகத்தில்தான் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லவும் உள்ளூர்த் தாவரம் என்று முடிவாயிற்று. மூன்று தலைமுறையாகக் கேட்டும் கிடைக்காத பெயர், இலை விட்ட பிறகு அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

செய்தி தங்கவயலுக்குப் போனதும், காலையில் மாரிக்குப்பம் ரயிலில் பழைய சுரங்கக்காரர்கள் கையில் மார்பு எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பூங்கா வாசலில் வரிசை. கல்தூள் அதிகமாகப் படிந்த நெஞ்சில் வேர் நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்திருந்ததால், எக்ஸ்ரேயில் வெள்ளை கம்மியாக இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் வாசலில் உட்கார்ந்து, நானும் தாஸ் இறங்கின ஷாஃப்ட்தானே என்று அழுதார்கள். ஏறியவர்களுக்கு மாதாமாதம் முடிவெட்டுகிற மாதிரி இலை வெட்டினார்கள். வெட்டியதை மட்க வைத்து, சின்னப் பைகளில் கட்டி, பூங்காவிலேயே உரமாக விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்சாதிகள் கஞ்சித் தண்ணி கொண்டுவந்து, வாசலில் செக்யூரிட்டி லட்சுமம்மாவிடம் கெஞ்சி, வேரில் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பாடு உள்ளே விடக் கூடாது என்பது விதி. கஞ்சி சாப்பாடா உரமா என்று லட்சுமம்மாவுக்கும் சந்தேகம்தான்.

சுவரில் இருப்பதற்குத் தாஸுக்கு மாதாமாதம் வந்த சம்பளத்தில்தான் பிரிசில்லா சிவில் இன்ஜினியரிங்கின் கடைசி இரண்டு வருஷத்தை முடித்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நிறுவனம் அவளுக்கு அதே கட்டடத்தில் வேலை கொடுத்து, போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டது. சுவர் எவ்வளவு வெப்பம் குறைக்கிறது, எவ்வளவு தூசி பிடிக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவது அவள் வேலை. காலையில் வரும்போது தெற்குப் பக்கம் சுற்றி வருவாள். அப்பா என்று கூப்பிடுவாள். இலை அசையும், சில நாள் "சாப்டியா?" என்று கேட்கும். பிறகு உள்ளே போய் அவருடைய காற்றை அளப்பாள். இப்படியே அவள் இருந்திருப்பாள். படித்த பிள்ளைகள் பலரும் இப்படி இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் தோட்டப் பிரிவு ராகேஷின் மேஜையில் ஒரு ஜாம் பாட்டிலைப் பார்த்தாள். தண்ணீருக்குள் ஒரு விரல். இடது கைச் சுண்டுவிரல், நகத்தோடு. அடியில் வெள்ளையாக வேர் விட்டிருந்தது. நகத்தில், சின்ன வயதில் அவள் அப்பாவின் விரல்மேல் கதவை இடித்துச் சாத்தியபோது விழுந்த பிளவு இருந்தது.

"பதியன்" என்றான் ராகேஷ். கெட்டவன் இல்லை, செடி பிடித்ததில் சந்தோஷமாக இருந்தான். "புனே பிராஞ்சுக்கு. உங்கப்பாவோடது செம்மையா பிடிக்குது, மத்தவங்களது அழுகிப் போயிடுது. அடுத்து ஹைதராபாத் கேக்கறாங்க, கட்டைவிரல் எடுக்கணும். ஸ்லைடு நீதான் பண்ணணும்னு சொன்னாங்களே, உன்கிட்ட யாரும் சொல்லலியா?"

இது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை, ஸ்லைடு வரவேண்டிய இடத்தில் பிரிசில்லா எழுந்து நின்று அப்பாவை இறக்கச் சொல்லிக் கேட்டாள். இறங்க மாட்டேன் என்றால் தங்கவயல்காரருக்கு என்ன அர்த்தம் என்பதையும் விளக்கினாள். நீங்கள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று என்றாள். ஸ்ரீஹர்ஷா நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "ரொம்ப அழகான விஷயம் இது, பிரிசில்லா. இறங்குறது, ஏறுறது. இத நம்ம பிரசென்டேஷன்ல முதல்லயே வெக்கணும்" என்றார். மனிதவளத்தைப் பார்க்கிற லீனா சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இறக்குவதில் நிறுவனத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றாள்.

"தாராளமா இறக்கிடலாம். அன்னிக்கே உன் தம்பி ஏறணும், அவ்வளவுதான். அது நாங்க வெச்ச கண்டிஷன் இல்லம்மா. உங்கம்மா கேட்டது. வேற எதுவுமே வேணாம், இந்த இடம் எங்க வீட்டுக்கே இருக்கட்டும்னு சொன்னாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

பிரிசில்லா வீட்டுக்குப் போனபோது ஆரோக்கியமேரி குக்கர் விசிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். தம்பி கிஷோர் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற சட்டையோடு தரையில் படுத்துக் கிடந்தான். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டுட்டியாடி?"

"விரல வெட்டி பாட்டில்ல வெச்சிருக்கானுங்கம்மா."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உங்கப்பாவே சொன்னாரு. வலிக்கலன்னாரு." ஆரோக்கியமேரி அடுப்பைக் குறைத்தாள். "உங்க தாத்தா எடம் உங்கப்பாவுக்கு வந்துச்சு. அந்த எடம் இல்லன்னா அன்னிக்கே எல்லாரும் பாலிடால் குடிச்சிருப்போம். கம்பெனிக்காரி வந்து இன்னா வேணும்னு கேட்டா. நான் வேற இன்னா கேப்பேன்? எங்களுக்குத் தெரிஞ்சது அப்பன் எடம் புள்ளைக்கு. அவரு அங்கயே இருக்கட்டும், இவன் பாட்டுக்கு வண்டி ஓட்டிகினு இருக்கட்டும்னுதான் உன்ன வாயத் தொறக்காதன்னேன். நீ தொறந்துட்ட."

கிஷோர் எழுந்து உட்கார்ந்தான். அவன் பயந்துபோயிருப்பான் என்று பிரிசில்லா நினைத்திருந்தாள். அவன் முகம் ரிசல்ட் பார்க்கப் போகிறவன் முகம் மாதிரி இருந்தது. கம்பெனி அவனை ஏற்கெனவே சோதித்திருந்தது. கல்தூள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சில்க் போர்டு சிக்னலில் வண்டியோடு நின்று நின்று அவன் நெஞ்சில் படிந்ததே போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

"பர்மனென்ட் வேலக்கா" என்றான். "பி.எஃப். உண்டு. ஓ.டி.பி. சொல்லுங்க சார்னு ஒருத்தன் காலுல விழ வேணாம். மழையில வண்டி வழுக்காது. எனக்கு இன்னா கொறச்சல்?"

"உன் மேல இலை மொளைக்கும்டா."

"இப்ப மட்டும் இன்னா மொளைக்குது? நீ உள்ள சேர்ல குந்திகினு இருக்க. நான் வெளிய சுவத்துல இருக்கப் போறேன். ஒரே பில்டிங்குதான. தம்பின்னு சொல்லிக்கக் கேவலமா இருக்கா?"

"நீ படிச்சதே அந்த இலையிலதான்டி" என்றாள் ஆரோக்கியமேரி. குரலை உயர்த்தவில்லை. "படிப்பு முடிஞ்சதும் இலை கசக்குதா உனக்கு?"

அன்று அந்த வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கோபத்தில் பட்டினி கிடக்கிற வழக்கம் சுரங்கக் குடும்பங்களில் கிடையாது.

மறுநாள் ராகேஷைத் தொட்டிலை இறக்கச் சொல்லி அவளும் ஏறினாள். வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டாள். அறுத்துத்தான் எடுக்க முடியும், எடுத்தால் ஜாடியில் வைத்த பூ எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள் என்று ராகேஷ் உள்ளதைச் சொன்னான். சொல்லிவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தாஸின் முகம் பாசி படிந்து குளிர்ந்திருந்தது. காதோரம் ஒரு பெரணி சுருண்டிருந்தது. அவள் அதை விலக்கி, அப்பா என்றாள். அவர் கண்ணைத் திறக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"சங்கு ஊதிட்டானா?" என்று கேட்டார்.

தங்கவயலில் ஷிஃப்ட் முடிந்தால் சங்கு ஊதும். அதைக் கேட்ட பிறகுதான் ஆள் மேலே வரலாம், முன்னால் வந்தால் அரைநாள் சம்பளம் போய்விடும். மூன்று மழைக்காலமாக அவர் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் என்பது பிரிசில்லாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. விரலை வெட்டியபோதும் ஷிஃப்ட் நேரம்தானே என்று இருந்திருக்கிறார். சங்கு ஊதுவதற்கு ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஊதிட்டான்பா" என்றாள்.

"அப்ப ஏறிடலாம்" என்றார் தாஸ்.

கீழே வந்ததும் அவள் நேராக லீனாவின் அறைக்குப் போனாள். வாரிசு என்றால் மூத்தது. வீட்டில் மூத்தவள் நான், அப்பா இடம் எனக்குத்தான் என்றாள். லீனா ஒரு கணம் திகைத்து, அடுத்த கணம் எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். தங்கவயலில் பெண்களைச் சுரங்கத்துக்குள் விட்டதில்லை. அதனால் அந்த ஊரில் வாரிசு என்றால் ஆண்பிள்ளை என்பதை யாரும் தனியாகச் சொல்லி வைத்ததே இல்லை. சுவரில் அப்படி ஒரு விதி வரவே வராது என்று லீனா சொன்னாள். சுவரில் முதல் பெண், அதுவும் இன்ஜினியர். ஸ்ரீஹர்ஷா போஸ்டருக்கு அன்றே சொல்லிவிட்டார். இந்த இடத்தை ஒருவர் பேரில் எழுதிவிட்டால் அவராக விடும்வரை இன்னொருவர் ஏற முடியாது, அப்படித்தானே என்று பிரிசில்லா இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அப்படித்தான், உன் பேரில் எழுதியாயிற்று, உன் இடத்தை யாரும் பறிக்க முடியாது, தைரியமாக இரு என்று லீனா அவள் தோளைத் தட்டினாள்.

செய்தி வீட்டுக்குப் போனது. என் பிள்ளையின் சோற்றைத் தட்டிப் பறித்தவள் உருப்பட மாட்டாள் என்று ஆரோக்கியமேரி குழந்தை இயேசு கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். கிஷோர் அக்காவின் துணிமணிகளை எடுத்து வாசற்படியில் வைத்தான். மடித்துத்தான் வைத்தான். அவள் அவர்களிடம் எதையும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அம்மா அன்றே லீனாவிடம் போய்ச் சொல்லியிருப்பாள்.

தாஸை இறக்கியது ஒரு வியாழக்கிழமைக் காலையில். வேர்களை அறுக்கிறபோது சுவரில் இருந்த மற்ற சுரங்கக்காரர்கள் கண்ணைத் திறந்து, ஏறிட்டியா தாஸு என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். தொட்டில் தரையைத் தொட்டதும் இருமல் வந்தது, விட்ட இடத்திலிருந்து. ஆட்டோவில் விவேக் நகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கட்டிலில் சாய்ந்து, சர்க்கரை தூக்கலாக டீ கேட்டார். ஆரோக்கியமேரி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் இருந்தது கொஞ்ச நாள்தான். இருந்த நாளெல்லாம் இருமினார், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். உடம்பை ஆளாகவே புதைத்தார்கள், கல்லறையில் புல் முளைத்ததே தவிர வேறெதுவும் முளைக்கவில்லை. கிஷோர் இப்போதும் வண்டிதான் ஓட்டுகிறான். அக்காவை மன்னிக்கவில்லை. உயிரோடு இருக்கிறான்.

ஆனால் அந்த வியாழக்கிழமை மத்தியானம் இலைக் கட்டடத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தாஸ் இருந்த இடத்தில் புதுக் கம்பளி மாட்டி, பிரிசில்லாவின் உயரத்துக்கு அளவெடுத்து, நனைத்து வைத்திருந்தார்கள். கையை ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னான் ராகேஷ். வைத்தாள். ஈரம் சுகமாக இருந்தது, மூச்சு தானாகவே ஆழமாக இறங்கியது. அப்பா ஏன் கையை இழுத்துப் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. இழுத்துக்கொண்டாள். பூங்காவில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஸ்ரீஹர்ஷா மைக்கில், மண்ணிலிருந்து மனிதனும் மனிதனிலிருந்து நகரமும் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். லீனா மாலையோடு நின்றாள். பிரிசில்லா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சமோசாத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த பாதையில் நடந்தாள். முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மணிக்கட்டில் ஏதோ அரித்தது. சின்னதாக ஒரு தளிர், இரண்டே இலை. நூல் பிரிந்தால் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள். வலித்தது, கொஞ்சம் ரத்தமும் வந்தது. புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் லட்சுமம்மா, "எல்லிகே ஹோக்தியம்மா, எங்க போற? அங்க உன் ஜாகா ரெடி ஆயிட்டுது, தண்ணி எல்லாம் விட்டுட்டாங்க" என்றாள்.

"எம் பேருலயே இருக்கட்டும்கா. தண்ணி விட்டுகினே இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பிரிசில்லா ரோட்டைக் கடந்து போனாள்.